சூடு காட்டும் முள்

ஜூன் 3, செவ்வாய்

வண்டியைத் தனக்கோடியின் பட்டறையில் விட்டாயிற்று.

இந்த டைரி டயர் கடைக்காரர் வருடா வருடம் கொடுப்பது. இதுவரை இதில் கிலோமீட்டரும் டீசலும் மட்டும்தான் எழுதி வந்திருக்கிறேன். வண்டி நின்றுவிட்டதால் எழுத அதுவும் இல்லை. பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் மற்றதை எழுதுகிறேன்.

வண்டியில் பழுது ஒன்றும் இல்லை. பழுது வருவதற்கு முன்பே, வழியில் காலை வாரிவிடக்கூடிய சாமான் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றுதான் விட்டிருக்கிறேன். தனக்கோடி என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஓடுற வண்டியக் கொண்டாந்து நிறுத்திப்போட்டு எஞ்சினப் பிரிங்கற மொத ஆளு நீங்கதானுங்க."

"அர்த்தநாரி வண்டியும் ஓடுன வண்டிதான்" என்றேன். அவன் போய் ஸ்பேனர் பெட்டியை எடுத்து வந்தான்.

அர்த்தநாரி என் தெருக்காரன். ஒரே வருடத்தில் ஆளுக்கொரு லாரி வாங்கினோம். போன மாதம் நாக்பூருக்கு இந்தப் பக்கம் அவன் வண்டியின் வாட்டர் பம்ப் போய், பெல்ட் அறுந்து, எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. ரோட்டோரம் இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தவனைப் பின்னால் வந்த டிரைலர் அடித்துவிட்டது. நான்தான் போய் எடுத்து வந்தேன். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டேன், ஆம்புலன்ஸ்காரனுக்கு வழி சொன்னேன், வழியில் இரண்டு இடத்தில் டீ குடித்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. உள்ளே எதுவும் அசையவில்லை என்பதுதான் உண்மை.

ஜூன் 4, புதன்

எந்தெந்தச் சாமான் முதலில் போகும் என்று தனக்கோடிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாட்டர் பம்ப். ஃபேன் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் உருளை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் போய்வரும் மேல் ஓஸ், கீழ் ஓஸ். டர்போவுக்கு ஆயில் போகும் குழாய். டீசல் ஏற்றும் சின்ன பம்ப். இவை எல்லாம் ஒருநாள் போகத்தான் போகின்றன. அது நம் பட்டறையில் போக வேண்டுமா, மொழி தெரியாத ஊரில் போக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

"சூட்டு முள்ளும் செத்துக் கெடக்குதுங்களே. அதையும் மாத்திரலாங்களா?" என்று கேட்டான்.

டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் அந்த முள் செத்து எட்டு வருடம் ஆகிறது. வேண்டாம் என்றேன். எனக்கு முள் எதற்கு? நான் வெறுங்காலில் ஓட்டுகிறவன். செருப்பைக் கழற்றிக் கதவோரம் போட்டுவிட்டுத்தான் ஏறுவேன். கிளட்சை விட்டதும் இடது கால் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கும் தகரத்தில் போய்ச் சாய்ந்துகொள்ளும். அந்தத் தகரத்தின் சூட்டிலேயே உள்ளே தண்ணீர் இருக்கிறதா, குறைகிறதா, கொதிக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அர்த்தநாரிகூட அப்படித்தான். பூட்ஸ் போட்டு ஓட்டுகிற டிரைவர்களைப் பார்த்து, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறான் பார் என்று இரண்டு பேரும் கிண்டல் செய்வோம்.

"என்ற கால் இருக்குதப்பா" என்றேன். தனக்கோடி தலையாட்டிவிட்டுப் போனான்.

ஜூன் 6, வெள்ளி

பெல்ட்டை இறுக்கும் உருளை சேலத்தில் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

பம்பைக் கழற்றிவிட்டார்கள். மாற்றிய சாமானைச் சாக்கில் போட்டு ஓனரிடம் காட்டிவிடுவது எங்கள் ஊர்ப் பட்டறை வழக்கம். புதிதைப் போட்டோம் என்பதற்கு அதுதான் சாட்சி. சாக்கைப் பிரித்துப் பழைய பம்பை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை, ஒழுகல் இல்லை. இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்கும்.

என் மனைவியின் தம்பி குழந்தைவேலு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நாலு வருடமாக என் வண்டியில் அவன்தான் மாற்று டிரைவர். நான் ஓட்டும்போது அவன் பின் பலகையில் படுத்துத் தூங்குவான். அவன் ஓட்டும்போது நான். ஒருவன் ஸ்டியரிங்கில் இருக்கிறான் என்ற தைரியத்தில் இன்னொருவன் கண்ணை மூடுவதுதான் இந்தத் தொழிலே.

"நல்லாருக்கறதக் கழட்டிச் சாக்குல கட்டறது எந்தூரு நாயமுங்க மாமா?" என்றான்.

"போனதுக்கப்புறம் கழட்டறதுதான் உங்கூரு நாயமா, மாப்ள?"

சிரித்தான். போன ஆவணியில்தான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வேலை இல்லாத நாட்களில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டே பட்டறைக்கு வருகிறான். அவள் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். மற்ற நாளாக இருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

ஜூன் 11, புதன்

டீக்கடையிலிருந்து பட்டறைக்கு நடந்து வந்தேன். தனக்கோடி என் காலையே பார்த்தான்.

"இன்னொரு செருப்பு எங்கீங்க?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. திரும்பிப் போனால், டீக்கடைப் படியிலேயே கிடக்கிறது. வெயிலில் தார் ரோட்டில் அவ்வளவு தூரம் ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறேன். டீக்கடைக்காரர், "ஏனுங்க, இன்னொண்ண நாளைக்கு விட்டுட்டுப் போறீங்களா?" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

செருப்பின் வார் தளர்ந்துவிட்டது. அதுதான் காரணம். சாயங்காலமே பின்பட்டை வைத்த புதுச் செருப்பு வாங்கிவிட்டேன். தளர்ந்ததை வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது.

ஜூன் 14, சனி

என் மனைவி வசந்தாமணியும் நானும் அர்த்தநாரி வீட்டுக்குப் போனோம். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று இவள் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் போகவும் தோன்றவில்லை, போகாமல் இருக்கவும் தோன்றவில்லை.

அர்த்தநாரி மனைவி கமலவேணி காபி கொடுத்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த வசந்தாமணிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறேன், போகிற சாமானை எல்லாம் மாற்றுகிறேன் என்று சொன்னேன். வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

கமலவேணி கேட்டுவிட்டு, "அவியளுக்கும் தெரியுமுங்கண்ணா" என்றது.

"என்னம்மா தெரியும்?"

"பம்பு ஒழுகறது. கெளம்பறதுக்கு முன்னாடியே தெரியும். வாசல்ல வண்டி நின்ன எடத்துல தண்ணி சொட்டிக் கெடந்துதுங்க. நாந்தான் காமிச்சேன். மாத்திப்போட்டுப் போங்கன்னேன். இந்த ட்ரிப்பு முடியட்டும்னு சொல்லிப்போட்டுப் போனாங்க."

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாளில் வந்த ஒரே கோபம். கண் முன்னால் சொட்டுகிறது, பெண்டாட்டி கையைப் பிடித்துக் காட்டுகிறாள், அப்புறமும் ஏறிப் போகிறவனை என்ன சொல்வது? செத்தவனைத் திட்டக் கூடாது. ஆனாலும் வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். வசந்தாமணி கூடவே நடந்தாள்.

சாப்பிடும்போது, "உங்களுக்குச் சக்கரை பாத்து எத்தன மாசமாச்சுங்க?" என்றாள். மாத்திரை விழுங்கிக்கொண்டுதானே இருக்கிறேன், அப்புறம் என்ன? நினைவு வரும்போதெல்லாம் விழுங்குகிறேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஒன்றும் இல்லை. தூங்கினேன்.

ஜூன் 17, செவ்வாய்

உருளை வந்துவிட்டது. பெல்ட்டும் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தோம். சத்தம் சுத்தமாக இருக்கிறது. ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தேன். அங்கேதான் ஒரு குறை.

கிளட்ச் சரியில்லை. மிதித்தால் எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று தெரியவில்லை. பஞ்சு மூட்டையை மிதிக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு மூன்று மாதமாகவே இப்படித்தான். பட்டறைக்கு வரும்போதுகூட வாசலில் வண்டி குதித்து நின்றது. கிளட்சையும் பிரி என்றேன்.

தனக்கோடி ஏறி மிதித்துப் பார்த்தான். "நல்லாத்தானுங்க இருக்குது."

குழந்தைவேலு ஏறி மிதித்தான். "மாமா, இதுல ஒண்ணுமில்லீங்க. வெண்ணெயாட்ட இருக்குது."

"நீ நாலு வருசமா மிதிக்கறவன். நான் முப்பது வருசமா மிதிக்கறேன்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பட்டறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தனக்கோடி பிரிக்கச் சொன்னான்.

ஜூன் 19, வியாழன்

கிளட்ச் தட்டு புதிது, பூஸ்டர் புதிது, பெடலின் ஊசி வரைக்கும் புதிது. ஏறி மிதித்தேன். அப்படியேதான் இருக்கிறது. இப்போதெல்லாம் புதுச் சாமானே இப்படித்தான் வருகிறது.

தனக்கோடி கேட்டபோது பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். குழந்தைவேலு என்னிடம் ஏதோ கேட்க வந்து கேட்காமல் போனான்.

ஜூன் 20, வெள்ளி

வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். "நில்லுங்க, நில்லுங்க!" என்று வசந்தாமணி கத்தினாள். பார்த்தால், வாசலிலிருந்து சமையல்கட்டு வரை ஓரடி விட்டு ஓரடி ரத்தம். உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலில் கம்பித் துண்டு ஒன்று ஏறியிருந்தது. பட்டறையில் தரையெல்லாம் அதுதான் கிடக்கும். புதுச் செருப்பின் அடியில் குத்தி, மேலே வந்து காலுக்குள் போயிருக்கிறது. இடுக்கி வைத்துப் பிடுங்கினாள்.

"எத்தன நேரமா இத வெச்சுட்டு நடந்தீங்க?"

கவனிக்கவில்லை என்றேன். முப்பது வருடம் வெறுங்காலில் ஓட்டியதில் தோல் மரக்கட்டை ஆகிவிட்டது. டிரைவர் கால் அப்படித்தான் இருக்கும்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறமுங்க."

"லோடு பேசியாச்சு. இந்த ட்ரிப்பு முடியட்டும்."

அவள் கையில் இடுக்கியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஏன் அப்படிப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை. பிறகு எழுந்துபோய் மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தாள்.

"அதுல என்ற தம்பியும் படுத்துட்டு வர்றான். ஞாபகம் வெச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவனுக்காகத்தானே இவ்வளவும் மாற்றுகிறேன்.

ஜூன் 23, திங்கள்

வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்தோம். நாளைக்குச் சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிப் புனே போக வேண்டும். பழைய சாமான் சாக்கைக் குழந்தைவேலு எங்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டான்.

தனக்கோடி ஒன்று சொன்னான். "ரெண்டு ஓசும் புது ரப்பருங்க. சூடேறுனா அமுங்கும், அதப் புடிச்சிருக்கற கிளாம்பு தளந்துக்கும். லோடோட ஓமலூர் தாண்டுனதும் ஓரங்கட்டி ஒருக்கா முறுக்கிப்போட்டுப் போங்க. மறந்தராதீங்க."

எனக்குச் சொல்கிறான். அவன் ஸ்பேனர் பிடிப்பதற்கு முன்பே நான் ஓஸ் மாற்றியவன்.

ஜூன் 26, வியாழன்

வீட்டில் இருக்கிறேன். இடது கால் கட்டுப் போட்டு, தலையணை மேல் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லோடு ஏற்றிக் கிளம்பினோம். முதல் ஓட்டம் என்னுடையது. குழந்தைவேலு விடிந்ததிலிருந்து தார்ப்பாய் கட்டிய அலுப்பில் பின்னால் ஏறிப் படுத்துவிட்டான். புது எஞ்சின் மாதிரி இழுத்தது. ஓமலூர் வந்தது. தனக்கோடி சொன்னது நினைவில் இருந்தது, மறக்கவில்லை. ஓரங்கட்ட வேண்டும் என்றால் வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, மறுபடி லோடோடு அந்தக் கிளட்சில் கிளம்ப வேண்டும். இடது காலைத் தகரத்தில் சாய்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. சூடே இல்லாத எஞ்சினில் எந்த ரப்பர் அமுங்கும்? சரியாக இருக்கிறது என்று நிறுத்தாமல் விட்டேன்.

அது குளிர்ச்சி இல்லை. ஒன்றுமே இல்லை. சூடும் இல்லை, குளிரும் இல்லை, தகரமே இல்லை. இப்போது எழுதும்போது தெரிகிறது.

தொப்பூர் ஏற்றத்தில் வண்டி திணறியது. லோடு கூடுதல் என்று நினைத்துக்கொண்டு இரண்டாம் கியருக்கு வந்தேன். கால் அதே இடத்தில்தான் இருந்தது. ஏதோ கருகுகிற வாடை வந்தது. முன்னால் போகும் வண்டியின் பிரேக் என்று நினைத்தேன். ஏற்றத்தில் எவன் பிரேக் பிடிப்பான் என்றுகூட யோசிக்கவில்லை.

வாடைக்குக் குழந்தைவேலு எழுந்துவிட்டான். முன்னால் வருவதற்காகப் பலகையிலிருந்து இறங்கி, எஞ்சின் தகரத்தின் மேல் கையை ஊன்றினான்.

"அய்யோ!" என்று கையை உதறினான். "மாமா! தீயாக் கெடக்குது மாமா! நிறுத்துங்க!"

"எங்க சுடுது? நான் கால வெச்சுட்டுத்தான் இருக்கறேன்" என்றேன்.

அவன் குனிந்து என் காலைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். நான் பிரேக்கை மிதித்துக் கைப்பிரேக்கை இழுத்தேன். அவன் கீழே குதித்துக் கல் தேடி ஓடினான். காலைத் தகரத்திலிருந்து எடுத்தேன். உடனே வரவில்லை. இழுத்து எடுத்தேன். காலின் பக்கவாட்டுத் தோல் ஒரு துண்டு அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

வலிக்கவில்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் ஓஸ் தளர்ந்து சேலத்திலிருந்து சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. முன்னால் ஆவி அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். குழந்தைவேலு பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவில் நிமிர்ந்து நிற்கிறான். சட்டையைக் கழற்றிப் பின்னால் வரும் வண்டிகளுக்கு ஆட்டிக்கொண்டிருக்கிறான். வளைவில் ஒரு டிரைலரின் தலை தெரிந்தது.

எனக்குப் பயம் வந்தது. ஒன்றரை மாதமாக எதுவும் வராத உடம்பில் மொத்தமாக வந்தது. அவன் பேர்கூட வாயில் வரவில்லை. எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை, அந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடினேன். அவன் இடுப்பைப் பிடித்து ஓரத்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்தேன். டிரைலர் ஹாரன் அடித்துக்கொண்டே எங்கள் வண்டியை ஒட்டி ஏறிப் போனது. இடிக்கவில்லை. நாங்கள் அங்கேயே நின்றிருந்தாலும் ஒருவேளை இடித்திருக்காது. ஒருவேளை.

அவன் எழுந்து உட்கார்ந்து கல் குத்தின முழங்கையைத் தட்டிக்கொண்டான். பிறகு என் காலைப் பார்த்தான். மண்ணும் ரத்தமுமாக இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து மெல்ல ஊற்றினான்.

"எப்ப இருந்துங்க மாமா?"

"தெரியல."

"எனக்குத் தெரியுமுங்க. கிளட்ச மாத்தச் சொன்னீங்க பாருங்க, அன்னைக்கே தெரியும். கேட்டா உங்களுக்குச் சங்கடமாயிருமுன்னு கேக்கல." அவன் குரல் உடைந்தது. "கேக்காமப் போய்ப் படுத்துட்டேன் பாருங்க."

அதைக் கேட்டதும் அழுதேன். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி அழுதேன். போகிற வண்டிக்காரன் எல்லாம் பார்த்துக்கொண்டு போனான். நாக்பூர் ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியை விலக்கிக் காட்டினார்களே, அப்போது அழ வேண்டிய அழுகை அது. குழந்தைவேலு என் காலை மடியில் வைத்துக்கொண்டு, "விடுங்க மாமா, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் பிடித்திருந்தான் என்பதும் பார்த்ததால்தான் தெரியும்.

ஜூன் 27, வெள்ளி

எஞ்சின் மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் தகடு மட்டும் போயிருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் மொத்தமும் இறுகியிருக்கும். தனக்கோடி வீட்டுக்கு வந்து, கிளாம்பைத் தானே கூட வந்து முறுக்கியிருக்க வேண்டும் என்றான். "நீ சொன்ன, நான் கேக்கல. அத்தோட விடு" என்றேன். கட்டிய காலைப் பார்க்காமலே பேசிவிட்டுப் போனான்.

ஜூன் 30, திங்கள்

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி. சர்க்கரை எவ்வளவு என்று டாக்டரம்மா சொன்னதும் வசந்தாமணி என் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டரம்மா நைலான் நரம்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதால் பாதத்தில் அங்கங்கே தொடுவேன், தொடும்போது சொல்லுங்கள் என்றார். கண்ணை மூடச் சொன்னார். மூடிக்கொண்டேன். வலது காலில் பாதி இடத்தில் தெரிந்தது. பிறகு இடது கால் என்றார். கொஞ்ச நேரம் ஆயிற்று. இந்நேரம் தொட்டிருப்பார் என்று கணக்குப் போட்டு, "தெரியுதுங்க" என்றேன். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "இப்பவும் தெரியுதுங்க" என்றேன்.

அறையில் சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தேன். டாக்டரம்மா நரம்பை மேஜையில் வைத்துவிட்டு என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். இடது காலைத் தொடவே இல்லை. வசந்தாமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"இனி லாரி வேண்டாங்க" என்றார் டாக்டரம்மா. போன உணர்ச்சி திரும்ப வருவது கஷ்டம், இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். தினமும் பாதத்தை யாராவது பார்க்க வேண்டும், வெறுங்காலில் ஓரடிகூட வைக்கக் கூடாது என்றார். சரி என்று தலையாட்டினேன். பஸ்ஸில் வரும்போது டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவன் ஷூ போட்டிருந்தான்.

ஜூலை 5, சனி

தனக்கோடிக்குப் போன் செய்து, சூட்டு முள்ளை மாற்றச் சொன்னேன். கொதித்தால் கத்துகிற மணியும் சேர்த்து வைக்கச் சொன்னேன். "அதைய ஹெட்டப் பிரிச்ச அன்னைக்கே மாட்டிப்போட்டனுங்க" என்றான். சொல்லாமலே மாட்டியிருக்கிறான். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

ஜூலை 9, புதன்

வீட்டில் கிடக்கிற சாக்கை என்ன செய்வது என்று வசந்தாமணி கேட்டாள். அந்தப் பம்ப் இன்னும் ஒரு வருடம் ஓடும். அர்த்தநாரி வண்டியைக் கமலவேணி விற்கப் போவதில்லையாம், தன் தம்பியை வைத்து ஓட்டப் போகிறதாம். அதற்குப் பழைய சாமான் கொடுக்கக் கூடாது, புதிதாகவே போடச் சொல்ல வேண்டும். சாக்கை இரும்புக்காரனுக்குப் போடச் சொன்னேன்.

ஜூலை 14, திங்கள்

ஆடி பிறப்பதற்குள் வண்டி வாசலை விட்டுப் போக வேண்டும் என்று வசந்தாமணிக்கு அவசரம். புனே லோடு, இந்தத் தடவையும் ஜவ்வரிசிதான். குழந்தைவேலுவோடு எடப்பாடிக்காரர் ஒருவர் மாற்று டிரைவராகப் போகிறார். நல்ல மனுஷன், பேச்சுக் குறைவு.

கிளம்பும்போது குழந்தைவேலு ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்து, பழக்கத்தில் செருப்பைக் கழற்றப் போனான். கீழே நின்ற என்னைப் பார்த்தான். மறுபடி மாட்டிக்கொண்டான்.

"மாப்பிள்ளை அழைப்புக்குப் போறேனுங்க மாமா" என்றான்.

நான் சிரித்தேன். உண்மையாகவே சிரிப்பு வந்தது. வண்டி திருப்பத்தில் மறையும்வரை நின்றேன். இருக்கையின் உயரம் பழகிய கண்ணுக்குத் தெரு மிகவும் தாழ்வாக இருந்தது. இனி இப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததும் நெஞ்சு வலித்தது.

சாயங்காலம் போன் வந்தது. "ஓமலூர்ல நிறுத்திக் கிளாம்ப முறுக்கிட்டமுங்க. தொப்பூர் ஏறியாச்சு."

"முள்ளு எங்க நிக்குது?"

"நடுவுலீங்க. அசையல."

எழுதிக்கொண்டேன். தொப்பூர் மேடு, முள் நடுவில், வண்டி நலம்.

பிறகு வசந்தாமணி வந்து கீழே உட்கார்ந்து என் இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தினமும் இந்த நேரத்துக்கு இது நடக்கிறது. கட்டைப் பிரித்து, புண்ணைப் பார்த்து, விரல் இடுக்கெல்லாம் துணியால் ஒற்றி எடுப்பாள். அதன்பிறகு டாக்டரம்மா மாதிரி ஒவ்வொரு விரலாகப் பிடித்துக் கேட்பாள். இத்தனை நாளும் அவள் கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் தெரிகிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடச் சொன்னாள். மூடினேன்.

"தெரியுதுங்களா?"

"இல்ல."

பிறகு அடுத்த விரலைப் பிடித்திருப்பாள் போல, மறுபடியும் கேட்டாள்.